பூட்டின வீட்டு வாசல்ல ஒரு நாய்

ஒரு மலைல ஒரு பொம்பளை இருந்தாளாம். நல்லா காலை நீட்டிப் படு. போர்வைய இழுத்துக்கோ. நீ "ம்" கொட்டணும், தெரியுதா? "ம்" சத்தம் கேக்கலேன்னா நீ தூங்கிட்டேன்னு நான் எந்திரிச்சுப் போயிருவேன்.

"ம்."

ஆங். அவ பேரு பேச்சி. பேருதான் பேச்சி, வாயில பேச்சே கிடையாது. காலைல எந்திரிப்பா, அடுப்பு பத்தவைப்பா, பாலில்லாத டீ ஒரு டம்ளர் குடிப்பா, படங்க இடுப்புல சுத்திக்கிட்டு தேயிலை பறிக்கக் கிளம்பிருவா. படங்குன்னா கெட்டித் துணி. செடி குத்தாம, தண்ணி படாம இருக்க இடுப்புல கட்டிக்கிறது. சரக் சரக்னு கத்திரியால கொழுந்து வெட்டுவா. கூட இருக்குற பொம்பளைங்க எல்லாம் கதை பேசிக்கிட்டே வெட்டுவாங்க. இவ மட்டும் ஓரத்துல ஒரு வரிசையைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம போய்க்கிட்டே இருப்பா. சாயங்காலம் வீட்டுக்கு வருவா. ஒரு ஆளுக்குச் சோறு பொங்குவா. திம்பா. படுப்பா. அவ்வளவுதான்.

ஏன் அப்படி இருந்தான்னா, அவளுக்கு ஒரு வீட்டுக்காரன் இருந்தான். சுடலைன்னு பேரு. எஸ்டேட்டுல வேலை கொறஞ்சு போச்சுன்னு, கீழ திருப்பூர்ல போய் ஏதாவது வேலை தேடுறேன், ஒரு இடம் கிடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு ஒருநா காலைல பஸ் ஏறிப் போனான். கொஞ்ச நாள் போன் வந்துச்சு. அப்புறம் எப்பவாவது வந்துச்சு. அப்புறம் வரவே இல்ல. இவ கூப்பிட்டா அந்த நம்பர் உபயோகத்துல இல்லன்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லும். திருப்பூர் போய்ட்டு வர்றவங்ககிட்ட எல்லாம் கேட்டுப் பாத்தா. யாருக்கும் தெரியல. இருக்கானா இல்லையான்னே தெரியல. அவளோட தங்கச்சி பொள்ளாச்சில இருந்தா. இங்க வந்து என்கூட இருந்துக்கோக்கான்னு எத்தனையோ தரம் கூப்பிட்டா. இவ போகல. அவரு வந்தா இந்த வீட்டுக்குத்தான வருவாரு, நான் இல்லேன்னா எங்க தேடுவாருன்னு சொல்லிட்டா. அதுக்கப்புறம் அதையும் யார்கிட்டயும் சொல்றதில்ல.

"ம்."

அந்த மலைல வீடெல்லாம் லைன் வீடு. ரயில் பெட்டி மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரிசையா இருக்கும். இந்த வீட்டுல தும்முனா அந்த வீட்டுல கேக்கும். மேல தகரக் கூரை. மழை வந்தா தடதடதடதடன்னு... நம்ம ஊரு மழை மாதிரி எட்டிப் பாத்துட்டுப் போற மழை இல்ல அது. வந்துச்சுன்னா சம்மணம் போட்டு உக்காந்துக்கும். மேட்டுல ஒரு லைன், மேல்லைன்னு பேரு. பள்ளத்துல ஒரு லைன், அது கீழ்லைன். பேச்சி இருந்தது மேல்லைன்ல.

கீழ்லைன்ல கூரை எல்லாம் ஓட்டை. சொட்டு சொட்டு சொட்டுன்னு வீட்டுக்குள்ளயே மழை. அதனால ஒவ்வொரு குடும்பமா கெளம்பி, பனியன் கம்பெனி வேலைக்குன்னு திருப்பூர் பக்கம் போயிட்டாங்க. கடைசியா ஒரு குடும்பம்தான் இருந்துச்சு. அவங்களும் ஒருநா சாமான் எல்லாத்தையும் லாரில ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஆனா ஒண்ணை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க. எதை, சொல்லு பாப்போம்?

"நாய."

ஆமா. ஒரு செவலை நாய். பொட்டை நாய். காது ஒண்ணு நிக்கும், ஒண்ணு மடங்கி இருக்கும். அவங்க கெட்டவங்க இல்ல கண்ணு. போற இடத்துல ஒரே ஒரு ரூமு. நாய் எல்லாம் ஆகாதுன்னு ரூமுக்குச் சொந்தக்காரர் சொல்லிட்டாராம். அதுக்கு இதெல்லாம் தெரியுமா? லாரி கெளம்பிச்சு. டுர்ர்ர்ருன்னு. பின்னாடியே நாய் ஓடுச்சு. ஒரு வளைவு ஓடுச்சு. ரெண்டாவது வளைவும் ஓடுச்சு. மூணாவது வளைவுல லாரி எறக்கத்துல வேகம் பிடிச்சிருச்சு. நாய் நின்னுருச்சு. நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் ரோட்டப் பாத்துச்சு. அப்புறம் திரும்பி நடந்து வந்து, அந்தப் பூட்டின வீட்டு வாசல்ல படுத்துக்கிச்சு. லாரி ஓட்டின செல்லையா கண்ணாடில இதெல்லாம் பாத்திருக்கான். அவனும் மேல்லைன்தான், பேச்சிக்குப் பக்கத்து வீடு.

பேச்சி வேலைக்குப் போற வழி கீழ்லைன் ஓரமாத்தான் போகும். போகும்போது பாப்பா, வாசல்ல நாய் படுத்திருக்கும். வரும்போது பாப்பா, அதே வாசல்ல அதே மாதிரி படுத்திருக்கும். மூஞ்சி மட்டும் எப்பவும் கதவைப் பாத்தே இருக்கும். யாரையும் பாத்துக் குலைக்காது, வாலாட்டாது. மழை பேஞ்சா நனையும். எதையோ எங்கயோ பொறுக்கித் தின்னுட்டு மறுபடியும் வந்து அங்கயே படுத்துக்கும். எலும்பெல்லாம் தெரிய ஆரம்பிச்சிருச்சு.

அப்போதான் சிறுத்தை வந்துச்சு.

"புலியா?"

புலி இல்ல, சிறுத்தை. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும். பக்கத்துலயே காடு. பொழுது சாஞ்சா அது தேயிலைக்குள்ள பதுங்கிப் பதுங்கி வரும். கோழி காணாமப் போச்சு. அப்புறம் செல்லையா வீட்டு ஆட்டுக்குட்டி ஒண்ணு காணாமப் போச்சு. அப்புறம் நாய்ங்க காணாமப் போக ஆரம்பிச்சுது. சிறுத்தைக்கு நாய்னா ரொம்பப் பிடிக்கும். மேல்லைன்ல எல்லாரும் வெளிச்சம் இருக்கும்போதே கதவச் சாத்திக்கிட்டாங்க. கீழ்லைன்ல அந்த ஒத்தை நாய் மட்டும் வெட்டவெளில கிடந்துச்சு.

பேச்சிக்குச் சோறு எறங்கல. அன்னைக்கி முடிவு பண்ணினா, அந்த நாயை எப்படியாவது நம்ம வீட்டுக்குக் கொண்டாந்துரணும்னு.

அப்புறம் அவ என்ன பண்ணினா? மொதல்ல சோறு கொண்டு போனா. கருவாட்டுக் குழம்பு ஊத்திப் பிசைஞ்சு, ஒரு அலுமினியத் தட்டுல. கூப்பிடணுமே, பேரு தெரியாதே. மணின்னு கூப்பிட்டுப் பாத்தா. காது ஆடல. டைகர்னா. ஆடல. செவலைன்னா, பாப்பான்னா, ராணின்னா. ஒண்ணுக்கும் திரும்பல. அந்தப் பேர அந்த லாரியோட கொண்டு போயிட்டாங்க. அப்போ இவ தட்டைக் கீழ வச்சிட்டு, "இந்தா... இந்தா..."ன்னு மட்டும் சொன்னா. நாய் அசையல. அவ தள்ளிப் போய்ட்டா. மேட்டுல நின்னு திரும்பிப் பாத்தா, மெதுவா எந்திரிச்சு வந்து தின்னுச்சு. சளப் சளப்னு.

மறுநாள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வச்சா. வந்து தின்னுச்சு. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் மேட்டுப் பக்கம். வந்துச்சு. இப்படியே நம்ம வாசல் வரைக்கும் இழுத்துரலாம்னு நெனச்சா. ஆனா பாதி மேடு வரைக்கும்தான். அந்த வாசல் கண்ணுக்குத் தெரியுற எடம் வரைக்கும்தான் நாய் வந்துச்சு. அதைத் தாண்டி ஒரு எட்டு வைக்கல. கறியே வச்சாலும் வரல. தட்டைப் பாக்கும், திரும்பி வாசலப் பாக்கும், எறங்கிப் போயிரும்.

"ம்."

சரி, சோத்துக்கு வரல. அடுத்தது கயிறு. செல்லையாகிட்ட போய் நின்னா பேச்சி. அவளுக்கு ஒருத்தர்கிட்ட ஒதவி கேக்கவே வராது. அந்த நாயைப் பிடிக்கணும்ணேன்னு மட்டும் சொன்னா. செல்லையா நல்ல மனுஷன். கயிறெடுத்துக்கிட்டு வந்தான். ரெண்டு பேருமாச் சேந்து கழுத்துல சுருக்கு மாட்டினாங்க. கடிக்கும்னு பயந்தாங்க. அது கடிக்கல. ஒரு சத்தம்கூடப் போடல. நாலு காலையும் மண்ணுல ஊனிக்கிச்சு. செல்லையா இழுத்தான். சர்ர்ர்ருன்னு மண்ணுல கோடு விழுந்துச்சு, பேச்சி வீட்டு வாசல் வரைக்கும். உள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டாங்க.

உள்ள வந்து அது என்ன செஞ்சுச்சு தெரியுமா? மூலைல போய் சுவரைப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிச்சு. சோறு வச்சா பாக்கல. தண்ணி வச்சா பாக்கல. சாக்கு விரிச்சா, அதுல படுக்கல. நடுங்குச்சு. பேச்சிக்கு என்ன செய்றதுன்னே தெரியல. தொடப் போனா, சுவத்துக்குள்ள போயிரலாமான்னு பாக்குற மாதிரி ஒடுங்குச்சு. கழுத்துல கயிறு அறுத்து லேசா ரத்தம் கசிஞ்சிருந்துச்சு. அதைப் பாத்ததும் அவளுக்கு அழுகை வந்துருச்சு. நாய் விடியக் காத்துக்கிட்டே இருந்து, காலைல அவ கதவத் தெறந்த ஒடனே விருட்டுனு ஒரே ஓட்டம். எங்க போயிருக்கும்?

"அந்த வீட்டுக்கு."

அங்கதான். செல்லையா சொன்னான், விடு பேச்சி, அதுக்குத் தலையெழுத்து அப்படி, நீ என்ன பண்ணுவன்னு. அவ கயித்தைச் சுருட்டி அடுப்புல போட்டுட்டா.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. வேலை இல்ல. மழை கொஞ்சம் விட்டிருந்துச்சு. பேச்சி சும்மா எறங்கிப் போனா. தட்டு இல்ல, கயிறு இல்ல, வெறுங்கை. போய் அந்த வாசப்படில, நாய்க்குக் கொஞ்சம் தள்ளி உக்காந்தா. அதைப் பாக்கல. கூப்பிடல. அதுவும் கதவைப் பாத்துச்சு, இவளும் கதவைப் பாத்தா. பச்சைப் பெயிண்டு அடிச்ச கதவு. பூட்டு தொங்குது. பக்கத்துல எங்கயோ தண்ணி ஓடுது, சலசலசலன்னு. ஒரு மைனா கத்துது. ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தாங்க ரெண்டு பேரும்.

அப்போ காத்தடிச்சு உள்ள எதுவோ உருண்டுச்சு. டொக்குன்னு ஒரு சத்தம். ஒடனே நாய் துள்ளி எந்திரிச்சிருச்சு. மடங்கின காதும் நிமிந்துக்கிச்சு. வாலு, அத்தனை நாளா ஆடாத வாலு, டப் டப் டப்புன்னு கதவுல அடிக்குது. மூக்கைக் கதவு இடுக்குல வச்சு ம்ம்ம்ம்னு மொனகுது. கொஞ்ச நேரம் பாத்துச்சு. யாரும் தெறக்கல. வாலு மெதுவா எறங்கிருச்சு. மறுபடியும் படுத்துக்கிச்சு.

பேச்சிக்கு அப்போதான் புரிஞ்சுச்சு. லாரில போனவங்க திரும்பி வந்து இந்தக் கதவுக்குள்ளதான் இருக்காங்கன்னு இது நெனச்சுக்கிட்டிருக்கு. கதவு பூட்டிக் கிடக்குறவரைக்கும் இது வராது. எப்பிடி வரும்?

நேரா சூப்பர்வைசர் தேவசகாயம் வீட்டுக்குப் போனா. காலி வீட்டுச் சாவி எல்லாம் அவர்கிட்டதான் இருக்கும். வாசல்ல நின்னுக்கிட்டு, அந்தக் கடைசி வீட்டுச் சாவி வேணும் சார்னு கேட்டா. அவருக்கு ஆச்சரியம். இந்தப் பொம்பளை பேசியே அவர் கேட்டதில்ல. அது எதுக்கும்மா, அது பாழடைஞ்ச வீடுல்ல, அடுத்த வாரம் தகரத்தைப் பிரிக்கப் போறாங்கன்னாரு.

"அந்த நாய் உள்ள ஆள் இருக்குன்னு நெனச்சுக்கிட்டுக் கிடக்குது சார்," பேச்சி சொன்னா. "ஒரு தடவை தெறந்து காட்டிரணும். இல்லாததை இல்லன்னு அது பாத்துரணும். அப்பதான் அது பொழைக்கும்."

தேவசகாயம் அவ மூஞ்சியையே பாத்தாரு. சுடலை விஷயம் அவருக்கும் தெரியும்தான. சட்டைய மாட்டிக்கிட்டு, சாவியும் குடையும் எடுத்துக்கிட்டு அவரே கூட வந்தாரு.

தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

சாவியப் போட்டாரு. துரு ஏறிக் கெடந்த பூட்டு. க்ரிச், க்ரிச், டக். கதவத் தள்ளினாரு. க்ரீஈஈச்னு தெறந்துச்சு. நாய் சிட்டாப் பறந்து உள்ள போச்சு. வாலை ஆட்டுது, மொனகுது, முன் ரூம்ல ஓடுது. யாரும் இல்ல. அடுக்களைக்கு ஓடுது. அடுப்புச் சாம்பல்ல தண்ணி சொட்டிக் குழம்பாக் கெடக்குது. மோந்து மோந்து பாக்குது. வெளிய ஓடி வந்து இவங்க ரெண்டு பேரையும் பாக்குது. மறுபடியும் உள்ள ஓடுது. மூலை மூலையா மோக்குது. அங்க ஒரு சின்னப் பிள்ளைச் செருப்பு ஒத்தையாக் கெடந்துச்சு, அதை மோந்துச்சு. தொட்டில் கட்டின கொக்கிக்குக் கீழ நின்னு மேல பாத்துச்சு. வெளிய வந்துச்சு. மூணாவது தடவை உள்ள போனப்போ ஓடல. நடந்து போச்சு. வாலு ஆடல. உள்ள ஒரு சுத்து சுத்திட்டு, முன் ரூம் நடுவுல நின்னு, தலையத் தூக்கி, ஊ...ஊஊஊன்னு ஒரே ஒரு தடவை ஊளை விட்டுச்சு. அந்தக் காலி வீட்டுக்குள்ள அது சுத்திச் சுத்திக் கேட்டுச்சு.

அப்புறம் வெளிய வந்து வாசல்ல நின்னுச்சு. படுக்கல. மொத தடவையாக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு.

தேவசகாயம் குடைக்குள்ள மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. பேச்சி சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு, மெதுவா, அவருக்குச் சொன்னாளோ தனக்கே சொல்லிக்கிட்டாளோ தெரியல, "அதுக்குத் தெறந்து பாக்க ஒரு கதவாவது இருந்துச்சு"ன்னு சொன்னா. அவர் இருட்டப் போகுது, பாத்துப் போம்மான்னு சொல்லிட்டு, கதவைப் பூட்டாம அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரு.

பேச்சி மேட்டுல ஏற ஆரம்பிச்சா. கூப்பிடல. திரும்பிப் பாக்கல. பின்னாடி சத்தம் கேக்குது, ஈர எலைல காலு படுற சத்தம். சளக்... சளக்... இவ நின்னா அதுவும் நிக்குது. இவ நடந்தா அதுவும் நடக்குது. அந்தப் பாதி மேடு வந்துச்சு. அதையும் தாண்டி அந்தச் சத்தம் வந்துச்சு.

ஆனா வீட்டு வாசல் வந்ததும் நாய் நின்னுருச்சு. முன்னாடி உள்ள போட்டுப் பூட்டினது ஞாபகம் இருக்கும்ல? தேயிலைச் செடி ஓரமா, எட்டாத தூரத்துல நின்னுக்கிச்சு. மூடுபனி எறங்குது. வெளிச்சம் போய்க்கிட்டே இருக்கு. பக்கத்து வீட்டுல செல்லையா சத்தம் போட்டான், பேச்சி, கதவச் சாத்து, பள்ளத்துல அது சத்தம் கேக்குதுன்னு. ஆமா, கேட்டுச்சு. ரம்பம் வச்சு மரம் அறுக்குற மாதிரி. க்ரர்... க்ரர்... க்ரர்... சிறுத்தை அப்படித்தான் கத்தும்.

நீயா இருந்தா கதவச் சாத்துவியா?

"...நாய் வெளிய இருக்கே."

அதான். பேச்சியும் சாத்தல. கதவ விரியத் தெறந்து வச்சா. போய்ப் பிடிச்சிரலாம்னுதான் கை பரபரத்துச்சு. ஆனா பிடிக்கப் போனா ஓடிரும், ஓடினா சிறுத்தை வாயில போய் விழும். அதனால அவ உள்ள போயி, அடுப்புகிட்ட, வாசலுக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டா. முதுகு சில்லுனு இருக்கு. வாசல் தெறந்து கெடக்கு. எது வேணும்னாலும் உள்ள வரலாம். செல்லையா சுவத்தைத் தட்டித் தட்டிக் கேக்குறான், சாத்தினியா, சாத்தினியான்னு. இவ பதில் சொல்லல. பேசினா நாய் பயந்துரும்னு. அடுப்புல ஒரு வெறகைத் தள்ளினா. சடசடன்னு பத்துச்சு. க்ரர்... க்ரர்... இன்னும் கிட்டக்க கேட்டுச்சு.

அப்போ சிமிண்டுத் தரைல ஒரு சத்தம். டிக். டிக். டிக். டிக். நகம் படுற சத்தம். அவ மூச்சையே விடல. அந்தச் சத்தம் அவ முதுகுக்குப் பின்னாடி வந்துச்சு, நின்னுச்சு, அப்புறம் கட்டிலுக்கு அடியில போயிருச்சு. பேச்சி மெதுவா, மெதுவா எந்திரிச்சுப் போயி கதவைச் சாத்தினா. நாதாங்கியைப் போட்டுட்டு, அங்கயே தரைல உக்காந்துட்டா. செல்லையாவுக்குச் சுவத்துல ரெண்டு தட்டுத் தட்டினா. அந்தப் பக்கம் அவனும் தட்டினான்.

"ம்..."

வீட்டுக்குள்ள வந்துட்டா ஒடனே சரியாயிருமா? ஆகாது. கட்டிலுக்கு அடியிலயேதான் கெடந்துச்சு. பேச்சி அதைத் தொந்தரவு பண்ணல. சோத்தைத் தள்ளி வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவா. காலைல வேலைக்குப் போகும்போது கதவைச் சாத்தாம ஒரு கல்லை வச்சிட்டுப் போவா, எப்ப வேணும்னாலும் அது வெளிய போகலாம்னு. சில நாள் அது கீழ்லைனுக்குப் போச்சு. தெறந்த வீட்டுக்குள்ள ஒரு தடவை போய்ப் பாத்துட்டு, பொழுது சாயுறதுக்குள்ள திரும்பி வந்துரும். அப்புறம் தகரத்தை எல்லாம் பிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் போறது கொறஞ்சு போச்சு.

ஒருநா வேலை விட்டு வந்தா, நாய் கட்டிலுக்கடியில இருந்து மூணு காலால நொண்டி நொண்டி வந்துச்சு. என்னன்னு பாத்தா, முன்னங்கால் விரலுக்கு நடுவுல ஒரு அட்டை. ரத்தத்தைக் குடிச்சுக் குடிச்சு நாவப்பழம் மாதிரி உப்பிப் போயிருக்கு. அந்த மலைல அட்டைங்க ஜாஸ்தி. பேச்சி ஒரு கை உப்பை எடுத்தா. நாய் அவளைப் பாத்துச்சு. இவ நாயைப் பாத்தா. "இந்தா, காலக் குடு"ன்னா. மெதுவாத் தொட்டா. அது நடுங்குச்சு, ஆனா காலை இழுத்துக்கல. உப்பை வச்சுத் தேச்சா, அட்டை சுருண்டு பொத்துனு விழுந்துச்சு. ரத்தத்தைத் துடைச்சுவிட்டா. அன்னைக்கித்தான் அவ அதைத் தொட்டது. இந்தா, இந்தான்னு சொல்லிச் சொல்லி அதுக்கு அதுவே பேராப் போச்சு. இந்தான்னா காதைத் தூக்கும்.

"அந்த மாமா வந்துட்டாரா?"

எந்த மாமா? சுடலையா? வரல கண்ணு. அவன் வரல. ஒரு சேதியும் வரல. மழை நேரத்துல தகரம் தடதடன்னு அடிக்கும்போது யாரோ கதவத் தட்டுற மாதிரியே இருக்கும். பேச்சி தலையத் தூக்குவா. அப்போ நாயும் தலையத் தூக்கும். ரெண்டு பேரும் கதவைப் பாப்பாங்க. யாரும் இருக்க மாட்டாங்க. மறுபடியும் தலையச் சாச்சுக்குவாங்க. அப்படித்தான் அந்த மழைக்காலம் போய்க்கிட்டிருந்துச்சு.

அப்புறம் பொள்ளாச்சில தங்கச்சி மகளுக்குச் சடங்குன்னு சேதி வந்துச்சு. போகாம இருக்க முடியுமா? தாய்மாமன் இல்லாத வீடு, பெரியம்மாவும் இல்லேன்னா எப்படி. காலைல போயிட்டு சாயங்கால பஸ்ல வந்துரலாம்னு கெளம்பினா. செல்லையாகிட்ட, நாய்க்கு ஒரு பிடி சோறு வச்சுருண்ணே, பொழுதோட கதவைச் சாத்திருண்ணேன்னு சொல்லிட்டுப் போனா. ஆனா பாரு, திரும்புறப்போ மலைல மண்ணு சரிஞ்சிருச்சு. ரோட்டுல பாறை கெடக்கு. பஸ் விடல. தங்கச்சி வீட்டுலயே தங்க வேண்டியதாப் போச்சு.

எல்லாரும் சடங்கு வீட்டுச் சந்தோஷத்துல இருக்காங்க. பேச்சிக்கு மட்டும் இருப்புக் கொள்ளல. எந்திரிச்சு வாசலுக்குப் போறா, உள்ள வர்றா. பஸ் எப்ப விடுவாங்கன்னு கேக்குறா. தங்கச்சிக்குக் கோவம் வந்துருச்சு.

"ஏங்கா, அங்க வீட்டுல யாரு இருக்கான்னு இப்படித் தவிக்கிற?"

பேச்சி பதில் சொல்ல வாயெடுத்தா. மொதல்லெல்லாம் அவரு வந்துருவாரோன்னு சொல்லுவா, அப்புறம் அதையும் விட்டுட்டா. அன்னைக்கி, "ஆள் இருக்கு"ன்னா.

தங்கச்சி உள்ள போய் அவளுக்குப் பாயும் தலையணையும் எடுத்துட்டு வந்தா.

மறுநாள் பாறையை எல்லாம் ஒதுக்கி, மொத பஸ் விட்டாங்க. மலை ஏறுது, ஏறுது, வளைஞ்சு வளைஞ்சு ஏறுது. பேச்சிக்கு நம்பிக்கையே இல்ல. நாமளும் விட்டுட்டுப் போயிட்டோம்னு நெனச்சிருக்கும், கீழ்லைனுக்கே போயிருக்கும்னு தோணிருச்சு. எறங்கினதும் வீட்டுக்குப் போகல. நேரா கீழ்லைனுக்குத்தான் ஓடினா. கூரை இல்லாத வீட்டுக்குள்ள செடி மொளச்சு நிக்குது. "இந்தா... இந்தா..."ன்னு கூப்பிட்டா. சத்தமா, தொண்டை வலிக்கக் கூப்பிட்டா. தேயிலைக்குள்ள வேலை பாத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் நிமிந்து பாத்தாங்க, பேச்சியா இப்படிக் கத்துறான்னு. அங்க எதுவும் இல்ல. வெறும் காத்து.

அப்போ அவளுக்கு வேற பயம் வந்துருச்சு. சிறுத்தை. மேட்டுல மூச்சு வாங்க ஏறினா. காலு வழுக்குது, விழுறா, எந்திரிக்கிறா. வீட்டு வாசல் வந்துச்சு. கதவத் தள்ளினா.

"...ம்?"

உள்ள இருந்துச்சு. அவளோட பழைய சேலை ஒண்ணு கொடில கெடந்ததை இழுத்துக் கீழ போட்டு, அதுமேல சுருண்டு படுத்திருந்துச்சு. செல்லையா வச்ச சோறு வச்சபடியே காஞ்சு கெடக்கு. இவளைப் பாத்துச்சு. வாலாட்டும்னு பாத்தா ஆட்டல. எந்திரிக்கவும் இல்ல. புஸ்ஸுனு ஒரு மூச்சு விட்டுட்டு, மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிச்சு. கோவம்.

பேச்சி நனைஞ்ச சேலையோட அப்படியே அதுபக்கத்துல தரைல உக்காந்தா. மூச்சு எறைக்குது. "பஸ் விடல"ன்னு சொன்னா. நாய் திரும்பல. "ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. நான் என்ன பண்ணுவேன். நேத்தே வந்துரலாம்னுதான் பஸ் ஸ்டாண்டுல போய் நின்னேன். நெசமாத்தான் சொல்றேன்."

அப்படியே சொல்ல ஆரம்பிச்சவ, சொல்லிக்கிட்டே போனா. சடங்கு வீட்டுல யார் யார் வந்தாங்க, பிள்ளைக்கு என்ன கலர் பட்டு எடுத்தாங்க, பாயசத்துல இனிப்பு பத்தலைன்னு எந்தச் சம்பந்தி மொறைச்சுக்கிட்டாங்க, தங்கச்சி என்ன கேட்டா, இவ என்ன சொன்னா, ஒண்ணு விடாமச் சொன்னா. அத்தனை வருஷமா அந்த வீட்டுல அவ அவ்வளவு பேசினதே இல்ல. ஏன் லேட்டுன்னு கேக்க அந்த வீட்டுல ஒரு ஆளு இருந்ததில்லையே. வெளிய மழை பிடிச்சிருச்சு. அவ குரல் கரகரன்னு ஆகிப் போச்சு. இன்னும் சொல்லிக்கிட்டே இருந்தா.

ரொம்ப நேரத்துக்கு அப்புறம் நாய் படுத்தபடியே கொஞ்சம் நகந்துச்சு. இன்னும் கொஞ்சம் நகந்துச்சு. அவ மூஞ்சியப் பாக்காமலே, தாடையத் தூக்கி அவ கால்மேல வச்சுக்கிச்சு. ஈரமான மூக்கு, வெதுவெதுன்னு மூச்சு. பேச்சி பேச்சை நிறுத்திட்டா. காலை அசைக்கல. மரத்துப் போச்சு, அப்பவும் அசைக்கல.

"..."

கண்ணு?

"..."

ம் வரலியே. சரி. கதையும் காலை மடக்கிப் படுத்துருச்சு. நீயும் தூங்கு, நான் இங்கனதான் இருக்கேன்.